குழாய் சொன்ன பதில்

கடவுள் சிலருக்குக் குரலைக் கொடுக்கிறார், சிலருக்கு விரலைக் கொடுக்கிறார். தனக்கு மட்டும் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்று போய்விட்டார் என்பது கோகுல்நாத்தின் கட்சி. அவனுக்குப் பாட வராது. வாசிக்கவும் வராது. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையின்போது சாவித்திரி டீச்சர் அவனைத் தனியே கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைப்பா, போதும்" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் கையில் கிடைத்த எதையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் அவனால் கீழே வைக்க முடியாது. மனைவி புஷ்பா பாத்திரக் கடைக்கு அவனைக் கூட்டிப் போவதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் அவனுக்குத் தரம் பார்க்கும் வேலை. எல்லாரும் வேண்டாம் என்று ஓடும் இரண்டாவது ஷிஃப்ட்டை அவன் கேட்டு வாங்கிக்கொள்வான். ஆவடிப் பள்ளியில் டீச்சரான புஷ்பா காலையில் கிளம்பிவிட்டால் மத்தியானம் வரை கள்ளிக்குப்பத்து மாடி வீடு அவனுடையது. முகம் கழுவி, நெற்றியில் விபூதி இட்டு, பின்பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மிச்சத்தை ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் பெட்டியின் நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துவிடுவான்.

அந்த அறைக்கு ஸ்டுடியோ என்று பெயர். பெயர் வைத்தவனும் அவன்தான், அந்தப் பெயரால் கூப்பிடுகிறவனும் அவன் ஒருவன்தான். புஷ்பாவுக்கு அது "அந்த ரூம்". சன்னலில் பழைய பஞ்சு மெத்தை ஒன்றை நிறுத்திக் கட்டியிருந்தான். சத்தம் வெளியே போகாமல் இருக்க, நான்கு சுவரிலும், கதவின் உட்பக்கத்திலும் முட்டை அட்டைகள். விளக்கைப் போட்டால் பெரிய கோழிப்பண்ணைக்குள் நிற்பதுபோல் இருக்கும். நடுவே அவனுடைய வாத்தியங்கள். பலகையில் வரிசையாக அடித்த சைக்கிள் கம்பிகள். அவற்றைக் குங்கிலியம் தடவிய நைலான் நரம்பால் இழுத்தால், ரயில் தூரத்தில் பிரேக் போடுவதுபோல் ஓர் அழுகை வரும். கம்பெனியில் கழித்துப்போட்ட ஸ்பிரிங்குகளைக் கேட்டு வாங்கி, பிஸ்கட் டின்னுக்குள் மாட்டியது இன்னொன்று. உத்தரத்தில் கயிற்றில் தொங்கும் குக்கர் மூடி. கடைசியாக, கோலிகுண்டுகள் போட்டு ஓடவிடும் வெட் கிரைண்டர். அது புஷ்பாவின் சீதனம். அது கலைக்குப் போனதிலிருந்து அவர்கள் வீட்டில் பாக்கெட் மாவு இட்லிதான்.

"ஏங்க, இதுல ராகம் எங்க இருக்கு?" என்று புஷ்பா ஒருநாள் கேட்டாள்.

"ராகத்தைத் தாண்டின இசை இது."

"தாண்டி எங்க போச்சு?"

கோகுல்நாத் குக்கர் மூடியை ஒரு தட்டுத் தட்டினான். அவனே அந்தக் கேள்வியை நிறைய யோசித்திருக்கிறான். அவன் இணையத்தில் ஏற்றிய பதிவுகளைக் கேட்டவர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் பாதி, சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அவனே கேட்டுப் பார்த்தது.

ஆனாலும் உலகத்தில் அவனுக்கு ஒரு ரசிகர் உண்டு. தரைத்தள வீட்டு முகமது இஸ்மாயில். ஐம்பதைத் தாண்டியவர், பக்கத்தில் பாடி என்ற இடத்தில் ஒரு பேக்கரியில் இரவெல்லாம் அடுப்படியில் நிற்பவர். காலையில் வீடு திரும்பும்போது அவர் சைக்கிளின் பின்னால் முட்டை அட்டைக் கட்டு இருக்கும். கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் அவராகவே கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்.

"சார், அட்ட இன்னும் வோணுமா?"

"போதும் பாய், சுவரெல்லாம் ஆயிடுச்சு."

"மேல கூரைக்கு?"

கோகுல்நாத்துக்குக் கண் கலங்கிவிடும். கூரைக்கும் ஒட்டினான். இன்னொரு கட்டு வந்தது. முதல் அட்டைக்கு மேல் இரண்டாவது அட்டையையும் ஒட்டினான். கலையை ஆதரிக்க ராஜாதான் வேண்டும் என்று இல்லை, பன் சுடுகிறவர் போதும் என்று புஷ்பாவிடம் பெருமையாகச் சொன்னான்.

இப்படியிருக்கையில்தான் குழாய் பேச ஆரம்பித்தது.

அவர்கள் குடியிருப்பு பழையது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் ஒன்று அவன் அறைச் சன்னலை ஒட்டிக் கீழ் வீட்டுச் சன்னலுக்குப் போகிறது. விளையாட்டுப் பொம்மையிலிருந்து பிடுங்கிய ஒரு வட்டத் தகட்டை அந்தக் குழாயில் ஒட்டி, அதிலிருந்து வயர் இழுத்து மிக்ஸரில் செருகியிருந்தான் கோகுல்நாத். காற்றில் வரும் சத்தம் அந்தத் தகட்டுக்குக் கேட்காது. இரும்புக்குள் ஓடும் அதிர்வு மட்டும் கேட்கும். தண்ணீர் இறங்குவது மழைபோல் இருக்கும். ஒருநாள் காலை, கிரைண்டர் முழு வேகத்தில் ஓட, குக்கர் மூடியை அவன் ஓங்கி அடித்த மறுகணம், காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அது கேட்டது.

டக்... டக்டக்... டக்.

அவன் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுபடி அடித்தான். மறுபடி டக்... டக்டக்... டக். மெதுவாக வாசித்தால் குழாய் பேசாமல் இருந்தது. உக்கிரமாக வாசித்தால் பதில் சொன்னது. குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டு அதிர்வுக்குத் தக்கபடி விம்முகிறது என்று ஒரு விஞ்ஞான விளக்கமும், இரும்புக்குள்ளும் இறைவன் இருக்கிறான் என்று ஓர் ஆன்மிக விளக்கமும் அவனுக்குத் தோன்றின. இரண்டையும் நம்பினான். நாலைந்து மாதம் தினமும் குழாயோடு பேசினான். அந்தப் பதிவுக்குக் கொஞ்சம் எதிரொலி சேர்த்து, "குழாயோடு உரையாடல்" என்று தலைப்பிட்டு ஏற்றினான். முன்னுரையில், "நான் கேட்கிறேன், குழாய் பதில் சொல்கிறது. முட்டை அட்டை தந்த புரவலர் இஸ்மாயில் பாய்க்கு நன்றி" என்று எழுதினான்.

அதை எழில் என்ற பெண் கேட்டுவிட்டாள். பாடியில் மூடிக் கிடந்த ஒரு லேத் பட்டறையைச் சுத்தம் செய்து, யாரும் கேட்காத இசையையெல்லாம் மாதம் ஒரு தடவை கேட்கவைப்பவள் அவள். போனில் கூப்பிட்டாள்.

"சார், அந்த டக்டக்னு ஒரு நாக் இருக்கு பாருங்க, அதுதான் சார் பீஸே. மத்ததெல்லாம் நிறைய பேர் பண்றாங்க. அந்தத் தட்டுல ஒரு வலி இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல அரைமணி நேரம் உங்களுக்கு."

தட்டில் வலி இருக்கிறது என்று அவள் சொன்னதைக் கோகுல்நாத் புஷ்பாவிடம் மூன்று தடவை சொன்னான். இத்தனை வருஷத்தில் அவனை ஒருவர் வாசிக்கக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. இது சரியாக அமைந்துவிட்டால் பைத்தியக்காரன் என்ற பெயர் போய், கலைஞன் என்ற பெயர் வந்துவிடும். அமையாவிட்டால் கிரைண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் புஷ்பாவிடம் வாக்கும் கொடுத்தான். மேடைக்குக் குழாயைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. ஆகவே அந்த வாரத்துக்குள் நீளமான, சுத்தமான ஒரு பதிவு வேண்டும்.

திங்கட்கிழமை காலை உட்கார்ந்தான். கிரைண்டர், கம்பி, குக்கர் மூடி. குழாய் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னும் உக்கிரமாக வாசித்தான். பேசவில்லை. புதன்கிழமை தெருப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் போட்டுவிட்டு வந்து, அந்தக் கொட்டாங்கச்சியையும் கிரைண்டரில் போட்டு ஓட்டினான். பக்கத்துக் கட்டடத்தில் நாய் குரைத்தது. குழாய் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை கீழே இறங்கிப் போனான். இஸ்மாயிலின் மனைவி சபீனா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்க பக்கம் குழாயில ஏதாவது வேலை பார்த்தீங்களா?"

"எந்தக் குழாண்ணா?"

"சன்னல் பக்கம் மேலேருந்து வருதே, இரும்புக் குழாய். நாலு நாளா சத்தமே இல்ல."

"தண்ணி வர்லியா?"

"தண்ணி வருது. சத்தம்தான் வரல. டக்... டக்டக்... டக். அப்படி ஒண்ணு வரும். நின்னுபோச்சு."

சபீனா கையிலிருந்த சட்டையைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த சட்டைதான்.

"நின்னா நல்லதுதானண்ணா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க. அதை நம்பித்தான் ஞாயித்துக்கிழமை மேடை ஏறப்போறேன்."

விளையாடுகிறானா என்று அவள் அவன் முகத்தில் தேடினாள். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"குழாய்க்கு ஒண்ணியும் ஆவலண்ணா. கரண்டிய நான்தான் ஒளிச்சு வச்சுக்கினேன்."

"எந்தக் கரண்டி?"

"அவர் குழாயத் தட்ற கரண்டி."

கோகுல்நாத் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"அவரு ராவெல்லாம் அடுப்பாண்ட நிக்கிறாரு. காலைல வந்து ஒரு டீயக் குடிச்சுட்டுப் படுப்பாரு. படுத்தா, மேல நீங்க..." சபீனா சரியான வார்த்தையைத் தேடினாள். "மேல நீங்க ஏதோ பூஜ மாரி ஒண்ணு பண்ணுவீங்க. அது ஓவராப் போச்சுன்னா, படுத்துகினே சன்னல் வழியா கைய விட்டுத் தட்டுவாரு."

"ஏம்மா, வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் போய் சொல்றேன்னுதான் சொன்னேன், வுடல. வெள்ளம் வந்தப்போ எங்க சாமானெல்லாம் தூக்கிகினு போய் உங்க ஊட்லதான வச்சீங்க? அந்த ரூம்லதான நாங்க படுத்துனு கெடந்தோம்? புஷ்பாக்கா கையால சோறு துன்னோம். 'தூங்க எடம் குடுத்த மனுசன்கிட்ட போயி, உன்னால தூக்கம் வர்லன்னு எந்த வாயாலடி சொல்றது'ன்றாரு. குழாயத் தட்டுனா ஆரு தட்டுனான்னு தெரியாதுல்ல?"

கோகுல்நாத்துக்கு அந்த வெள்ளமே மறந்துபோயிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேரும் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு படியேறியது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப அந்த முட்டை அட்டை?" என்றான், மெல்லிய குரலில்.

"நீங்கதானண்ணா சொன்னீங்க, அத்த ஒட்டுனா சத்தம் வெளிய போவாதுன்னு? இன்னும் ரெண்டு ஒட்டுனா நின்னுடும், இன்னும் ரெண்டு ஒட்டுனா நின்னுடும்னு பேக்கரில கெடக்குறத எல்லாம் வாரிகினு வந்தாரு, பாவம். இந்த வாரம் நான்தான், தட்டித் தட்டி உனுக்கே கை வலி வரப்போவுதுன்னு கரண்டியப் புடுங்கிகினேன். காதுல பஞ்சு வச்சுகினு படுக்குறாரு."

மாடிக்கு வந்து கோகுல்நாத் தன் பதிவை மறுபடி போட்டுக் கேட்டான். கிரைண்டரும் கம்பியும் இப்போது அவன் காதில் விழவில்லை. ஒரு மனிதர் கெஞ்சுவது மட்டும் கேட்டது. முதலில் கொஞ்சம் அவசரமாக. அப்புறம் தயங்கி, இடைவெளி விட்டு. கடைசியில் கை தளர்ந்து ஒரே ஒரு டக். அந்தக் கெஞ்சலுக்குத்தான் அவன் எதிரொலி சேர்த்திருந்தான். வலி இருக்கிறது என்று அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். தனக்கு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்த கடவுள் கூடவே ஒரு காதையும் கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று ஷிஃப்ட்டுக்குப் போனதும் முதல் காரியமாக, அடுத்த வாரத்திலிருந்து காலை ஷிஃப்ட் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டான். இரண்டாவது காரியமாக எழிலுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி, நிகழ்ச்சியை ரத்துசெய்துவிடச் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சார், போஸ்டர் ஒட்டியாச்சு. அவரையே கூட்டிட்டு வாங்களேன்!"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த இஸ்மாயிலை வாசல் கேட்டருகே பிடித்தான். அவனைக் கண்டதும் அவருக்குத்தான் அதிகமாக வெட்கம் வந்தது.

"அந்தப் பொம்பள எல்லாத்தியும் சொல்ட்டாளா? வுடு சார். நீ ஒண்ணியும் மனசுல வச்சுக்காத."

"பாய், என்னை மன்னிச்சிருங்க. இனிமே காலையில ஒரு சத்தம் வராது."

"அட, வாசி சார். இன்னா இப்போ."

"இன்னொண்ணு கேக்கணும். கேக்கறதுக்கே வாய் வரல. ஞாயித்துக்கிழமை என்கூட மேடையில உக்காந்து தட்டணும்."

இஸ்மாயில் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மேடைலயா? எனக்கு இன்னா சார் தெரியும்? எப்போ தட்டணும்?"

"தாங்க முடியலன்னு தோணுறப்ப தட்டுங்க. அவ்வளவுதான்."

"அது தானா வரும் சார்" என்றார் இஸ்மாயில், உடனே.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பேக்கரியிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை இரவு எப்போதும் வேலை அதிகம். கண் இரண்டும் சிவந்திருந்தது. சட்டையில் மாவு. கையில் எல்லாருக்கும் என்று ஒரு பை நிறைய சூடான பன். சபீனா மறக்காமல் வீட்டிலிருந்து அதே கரண்டியைக் கொண்டுவந்திருந்தாள். அவளும், கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுப்புடவை கட்டிய புஷ்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்னால் முப்பது நாற்பது பேர். மேடை என்பது லேத் மெஷின் இருந்த சிமெண்ட் திண்டு. அதில் இஸ்மாயிலுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டு, மடியில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டை வைத்து, அதில் தகட்டை ஒட்டினான் கோகுல்நாத். மிக்ஸருக்கு விபூதி இட்டான். இஸ்மாயில் பிஸ்மில்லா சொல்லிக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

கம்பிகளில் தொடங்கினான். ரயில் தூரத்தில் அழுதது. ஸ்பிரிங் டின்னை விரலால் தட்டினான். கிரைண்டரைப் போட்டான். கோலிகுண்டுகள் உருள ஆரம்பித்தன. கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்படியே ஏற்றிக்கொண்டு போய், உச்சத்தில் குக்கர் மூடியை ஓங்கி அடிக்க வேண்டும். அடித்தால் அந்தத் தட்டு வரும். வந்ததும் எல்லாம் சட்டென்று நின்று, தட்டு மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். அதுதான் திட்டம். அடிகோலை ஓங்கிக்கொண்டு, ஜாடை காட்டுவதற்காக இஸ்மாயில் பக்கம் திரும்பினான்.

இஸ்மாயில் தூங்கிக்கொண்டிருந்தார்.

தாடை நெஞ்சில் பட்டிருந்தது. கரண்டி விரல்களுக்கிடையே சாய்ந்து கிடந்தது. முன்வரிசையில் சபீனா பதறிப்போய் எழுந்தாள். பின்சுவரோரம் நின்ற எழில், அடியுங்கள் என்று கையால் காட்டினாள். அடித்தால் போதும். விழித்துக்கொள்வார். தூக்கம் கலைந்த கை தானாகவே தட்டும், நாலைந்து மாதம் தட்டியதுபோலவே, அதே வலியோடு. அதைக் கேட்கத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள்.

கோகுல்நாத் அடிகோலைச் சத்தம் வராமல் ஒரு துணி மேல் வைத்தான். சபீனாவை உட்காரும்படி தலையசைத்தான். குனிந்து கிரைண்டரை நிறுத்தினான். கோலிகுண்டுகள் உருண்டு உருண்டு அடங்கின.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் வந்தது. மடியில் கிடந்த குழாய் வழியாக, இஸ்மாயிலின் மூச்சு. உள்ளே போய், கொஞ்சம் நின்று, இறங்கியது. கடல் ஒரு டம்ளருக்குள் இருந்தால் அப்படித்தான் கேட்கும். கோகுல்நாத் தன் வாழ்நாளில் அதைவிட நல்ல சத்தத்தைப் பதிவு செய்ததில்லை. அவன் கை தானாக மிக்ஸருக்குப் போய் அதன் ஒலியை ஏற்றப் பார்த்தது. பொத்தானைத் தொட்டுவிட்டு, ஒரு கணம் நின்றது. ஊரார் கேட்பதற்காகவா ஒரு மனிதர் தூங்குகிறார்? ஏற்கெனவே அவருடைய தூக்கத்தில் நிறைய எடுத்துக்கொண்டாயிற்று. பொத்தானை மெல்லக் கீழே இறக்கினான். மூச்சு ஒலிபெருக்கியிலிருந்து மறைந்து, அதற்கு உரியவரிடமே திரும்பிப் போனது.

மிச்ச நேரமெல்லாம் அவன் விரல் நுனியால் மட்டும் வாசித்தான். ஒரு கம்பி, அது அடங்கும்வரை காத்திருப்பு, பிறகு இன்னொரு கம்பி. பட்டறைக்கு வெளியே பாலத்தில் போகும் லாரிகள் அதைவிடச் சத்தமாக இருந்தன. நாற்காலிகளில் இருந்தவர்கள் காதைக் கொடுத்து முன்னால் சாய்ந்தார்கள். கடைசிக் கம்பி எப்போது ஓய்ந்தது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

கூட்டம் கைதட்ட எழுந்தது. அதற்குள் புஷ்பா பின்னால் திரும்பி, வகுப்பறையில் செய்வதுபோல் உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். தூக்கிய கைகள் அப்படியே இறங்கின. கோகுல்நாத்தின் முதல் கச்சேரிக்கு ஒரு கைதட்டல்கூட விழவில்லை. அதுவும் சொந்த மனைவியின் உத்தரவால். எல்லாரும் பூனைபோல் நடந்து வந்து, காகிதப் பை சரசரக்காமல் பன்னை எடுத்துத் தின்றுகொண்டு நின்றார்கள்.

வாக்குப்படி கிரைண்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று புஷ்பாவிடம் கிசுகிசுத்தான்.

"கோலிகுண்டு ஓடின கிரைண்டர்ல யாருங்க இனிமே மாவாட்டுவா? நீங்களே வச்சுக்குங்க. சாயந்தரத்துல வாசிங்க, நானும் வந்து கேக்கறேன்."

இஸ்மாயில் திடுக்கிட்டு விழித்தபோது பட்டறையில் பாதிப் பேர் போயிருந்தார்கள். மடியில் குழாயையும் கையில் கரண்டியையும் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"சார், முடிஞ்சு போச்சா? நான் தட்டவே இல்லியே சார்!"

"நீங்க தட்டுற மாதிரி நான் எதுவும் வாசிக்கல பாய்" என்று சொல்லி, கோகுல்நாத் அவருக்காக எடுத்துவைத்திருந்த பன்னை நீட்டினான்.